சென்னையில் ஆப் ஆட்டோ, ஆப் கார்: கட்டணம், கிரெடிட், டிரைவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி என்று எதில் புக் செய்தாலும் சென்னைக்காரர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். காட்டிய கட்டணம் ஒன்று, கேட்ட கட்டணம் ஒன்று, திருப்பிக் கொடுத்தது பணமா கூப்பனா, புகார் சொன்னால் யார் கேட்பார்கள். முடிந்தவரை நேராகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஆப்பில் 120 ரூபாய் காட்டுகிறது, ஆட்டோ வந்து நின்றதும் 150 கேட்கிறார். எது சரி?

எந்த ஆப், ஆட்டோவா காரா என்பதைப் பொறுத்தது. ஆட்டோ விஷயத்தில் வியாபார முறையே மாறிவிட்டது, அது பல பயணிகளுக்கு இன்னும் தெரியாது. முன்பெல்லாம் ஒவ்வொரு சவாரியிலும் கம்பெனி கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை டிரைவருக்குக் கொடுத்தது. 2022 கடைசியில் பெங்களூரில் நம்ம யாத்ரி கமிஷன் இல்லாமல் வந்தது, அப்புறம் டிரைவர் சந்தா மட்டும் கட்டினால் போதும், சவாரிப் பணம் முழுக்க அவருக்கே என்கிற முறை ஒவ்வொரு கம்பெனியாகப் பரவியது. ஊபர் 2025 பிப்ரவரி 18 முதல் ஆட்டோவை இந்த முறைக்கு மாற்றியது. ஓலா அதே ஆண்டு ஜூனில் நாடு முழுக்கக் கமிஷனை எடுத்துவிட்டதாக அறிவித்தது.

இதனால் உங்களுக்கு என்ன என்றால், ஊபர் அந்த மாற்றத்தின்போதே தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆட்டோவுக்குத் திரையில் காட்டும் தொகை ஒரு பரிந்துரைதான், இறுதித் தொகையைப் பயணியும் டிரைவரும் பேசிக்கொள்ள வேண்டும், பணத்தை நேராக டிரைவரிடமே கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட சவாரியில் அவர் 150 கேட்டால் அந்த ஆப்பின் விதிப்படி அது ஏமாற்று ஆகாது. கேட்பது அவர் உரிமை, மறுப்பது உங்கள் உரிமை. ஆனால் இந்தப் பேச்சு ஓடிபி சொல்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். "அண்ணா, ஆப்ல 120 காட்டுது, அதுக்கு ஓகேவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். ஒப்புக்கொண்டு ஏறிய பிறகு, டிராஃபிக்கைக் காட்டியோ ரிட்டர்ன் சவாரி கிடைக்காது என்று சொல்லியோ இறங்கும் இடத்தில் கூடுதலாகக் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. பேசிய பேச்சு பேச்சுதான்.

அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கேட்கலாமே?

கேட்கலாம், சட்டப்படி உங்கள் பக்கம்தான் நியாயம். ஆனால் அந்தக் கட்டணம் எப்போது நிர்ணயித்தது என்று பாருங்கள். 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. 8 கிலோமீட்டர் போனால் கிட்டத்தட்ட 99 ரூபாய் வரும். அதன் பிறகு பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது, இன்ஷூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), உதிரி பாகம் எல்லாம் ஏறியது. கட்டணத்தைத் திருத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் 2022-லேயே சொன்னது. எதுவும் நடக்காமல் 2025 பிப்ரவரி 1 முதல் ஆட்டோ டிரைவர் சங்கங்கள் தாங்களாகவே 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை, கூடுதலாக வாங்கினால் நடவடிக்கை என்றது. சங்கக் கணக்கில் அதே 8 கிலோமீட்டர் 160 ரூபாயைத் தாண்டும்.

இந்த 99-க்கும் 160-க்கும் நடுவில்தான் தினமும் தெருவில் நடக்கும் சண்டை எல்லாம். பயணியும் டிரைவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். கட்டணத்தை வருடக் கணக்கில் தொடாமல் வைத்திருந்தவர்களை யாரும் கேட்பதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. விலைவாசியோடு சேர்ந்து கட்டணம் தானாக ஏறி இறங்கும் ஒரு முறை இருந்தால் பாதிச் சண்டை நின்றுவிடும்.

டிரைவர் போன் செய்து "எங்க சார் டிராப்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்கிறார், சொன்னதும் கேன்சல் செய்கிறார் அல்லது என்னைக் கேன்சல் செய்யச் சொல்கிறார். என்ன செய்வது?

நீங்கள் கேன்சல் செய்யாதீர்கள், முக்கியமானது அதுதான். கேன்சல் கட்டணம் பிடிக்கும் ஆப்பில் பட்டனை அழுத்துபவர் தலையில்தான் அது விழும். அவருக்கு வர விருப்பமில்லை என்றால் அவரே கேன்சல் செய்யட்டும். அவர் நகராமல் நின்றுகொண்டே இருந்தால், கேன்சல் செய்யும்போது காரணம் கேட்கும் இடத்தில் "டிரைவர் கேன்சல் செய்யச் சொன்னார்" அல்லது "வண்டி நகரவில்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு முன் வண்டி நிற்கும் இடம் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அவர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பதும் தெரிந்தால் நல்லது. கமிஷன் முறையில் ஓடும் காரில் பயணி கார்டிலோ ஆப் வாலட்டிலோ கட்டினால் பணம் முதலில் கம்பெனிக்குப் போய், கமிஷன் கழித்து, பிறகுதான் டிரைவர் கணக்குக்கு வரும். மாலையில் கேஸ் போடவும் வண்டி டியூ கட்டவும் அவருக்குக் கையில் காசு வேண்டும். டிராப் எங்கே என்று கேட்பதும், வேளச்சேரியில் வீடு இருப்பவர் இரவு 10 மணிக்கு எண்ணூர் சவாரி எடுத்தால் காலியாகத் திரும்பி வர வேண்டும் என்பதால்தான். காரணம் புரிகிறது. ஆனாலும் சவாரியை ஏற்றுக்கொண்ட பிறகு பயணியைப் பத்து நிமிடம் காக்கவைத்துக் கழற்றிவிடுவது தப்பு, அதுவும் ஆஸ்பத்திரிக்கோ ரயிலுக்கோ கிளம்பியவர்களை.

கேன்சல் கட்டணம் எவ்வளவு வரை பிடிக்கலாம்?

மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட வாகன அக்ரிகேட்டர் (ஆப் வழியாக வண்டி தரும் கம்பெனிகள்) வழிகாட்டுதலின்படி, சரியான காரணம் இல்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய். டிரைவர் காரணமில்லாமல் கேன்சல் செய்தால் அவருக்கும் இதே அளவு. ஒன்றை மறக்க வேண்டாம், இது வழிகாட்டுதல், மாநில அரசு தன் விதியாக ஏற்று நடைமுறைப்படுத்தும்போதுதான் முழு பலம் கிடைக்கும். இருந்தாலும் புகார் எழுதும்போது இந்த அளவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மழை பெய்தால் கட்டணம் இரண்டு மடங்கு. இதற்கு வரம்பே கிடையாதா?

உண்டு. 2020 வழிகாட்டுதலில் அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு என்று இருந்தது, 2025-ல் இரண்டு மடங்கு வரை போகலாம் என்று ஏற்றிவிட்டார்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தில் பாதி வரை குறைக்கலாம், அதற்குக் கீழே போகக் கூடாது. சிக்கல் எங்கே என்றால், அடிப்படைக் கட்டணம் எவ்வளவு என்பது தெளிவாக இருந்தால்தான் இரண்டு மடங்கு என்பதற்கு அர்த்தம். மாநில அரசு அதை அறிவிக்காத இடத்தில் கம்பெனியே நிர்ணயித்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் சொல்வதென்றால், நவம்பர் மழையில் ஓஎம்ஆரில் ஆபீஸ் விடும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் புக் செய்வார்கள், அப்போது ஏறிய கட்டணம் பல நேரம் இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். அவசரம் இல்லாதவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். இரண்டு ஆப்பில் பார்ப்பதும் உதவும். கிண்டி, ஆலந்தூர் மாதிரி மெட்ரோ இருக்கும் இடம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து மாறினால் பாதிச் செலவு மிச்சம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் ஆப்பில் மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம்.

புக் செய்யும்போது 340, காரில் இறங்கும்போது 425. ஏன்?

வழியை மாற்றியிருந்தால், நடுவில் நிறுத்தியிருந்தால், காத்திருக்க வைத்திருந்தால், டோல் அல்லது பார்க்கிங் சேர்ந்திருந்தால் ஏறும். பில்லைத் திறந்து வரி வரியாகப் பாருங்கள், எது கூடியது என்று அதில் இருக்கும். டிரைவர் டோலுக்குத் தனியாகக் கையில் கேட்டால், பில்லில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள். நீங்கள் எதையும் மாற்றாமல், டிரைவர் சுற்றுவழி போனதால் ஏறியிருந்தால் ஆப்பிலேயே அந்தப் பயணத்தின் வரைபடம் இருக்கும், அதைக் காட்டிப் புகார் செய்தால் வித்தியாசத் தொகை பெரும்பாலும் திரும்பி வரும்.

திரும்பி வருவது பணமாக வருவதில்லை, கிரெடிட், காயின், கூப்பன் என்றுதான் வருகிறது. இதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பவர்கள் இதைப் படியுங்கள்.

தப்பு கம்பெனி பக்கம் என்று ஒப்புக்கொண்டு திருப்பித் தருகிறார்கள் என்றால் அது உங்கள் பணம். அதை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள். கிரெடிட்டாகக் கொடுத்தால் அந்தப் பணம் அவர்களிடமே இருக்கிறது, நீங்கள் மறுபடியும் அவர்கள் வண்டியில் ஏறினால்தான் அது உங்களுக்குப் பயன்படும், அதுவும் காலாவதி ஆவதற்குள். ஓலா விஷயத்தில் இதே கேள்விதான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போனது. புகார் செய்தவர்களுக்கு வங்கிக் கணக்குக்குப் பணம் வேண்டுமா என்று கேட்காமல், அடுத்த பயணத்துக்கான கூப்பனை மட்டும் கொடுத்து வந்தார்கள். 2024 அக்டோபரில் ஆணையம், வங்கிக் கணக்கிலா கூப்பனா என்று தேர்ந்தெடுக்கும் வசதியைப் பயணிக்குக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆட்டோ பயணத்துக்கும் பில் கொடுக்க வேண்டும் என்று அதே உத்தரவில் சொன்னது. ஆகவே வேறு எந்தக் கம்பெனியோடு பேசினாலும் "கட்டிய வழியிலேயே பணத்தைத் திருப்பிப் போடுங்கள், கிரெடிட் வேண்டாம்" என்று எழுத்தில் கேளுங்கள். கிரெடிட்டை ஒருமுறை பயன்படுத்திவிட்டால் அப்புறம் கேட்பது கஷ்டம்.

விளம்பரத்தில் வரும் கிரெடிட் இன்னொரு கதை. "5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்" என்று ராபிடோ விளம்பரம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். கிடைத்தது 50 ரூபாய் பணம் இல்லை, "50 வரை" காயின். அதையும் பைக் சவாரிக்குத்தான் பயன்படுத்தலாம், அதுவும் 7 நாளுக்குள். ஆட்டோவுக்குக் காத்திருந்த ஒரு அம்மாவுக்கு, குழந்தையும் பையுமாக நிற்பவருக்கு, பைக் காயின் எதற்கு? 2025 ஆகஸ்டில் ஆணையம் அந்தக் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, 50 ரூபாய் கிடைக்காதவர்களுக்கு முழுத் தொகையையும் கொடுக்கச் சொன்னது.

எனவே கிரெடிட் வந்ததும் மூன்று விஷயம் பாருங்கள்: எந்த வண்டிக்குச் செல்லும், எந்தத் தேதி வரை செல்லும், ஒரு சவாரிக்கு எவ்வளவு கழியும். "100 ரூபாய் கிரெடிட்" என்று போட்டுவிட்டு ஒரு சவாரிக்கு 20 மட்டும் கழிப்பதும் நடக்கிறது.

கையில் கிரெடிட் இருக்கிறது, ஆட்டோவுக்குக் கழியவே மாட்டேன் என்கிறது.

முதல் பதிலில் சொன்ன மாற்றம்தான் காரணம். பணம் நேராக டிரைவருக்குப் போகிற சவாரியில் கம்பெனி கையில் காசே வருவதில்லை, கழிக்க எதுவும் இல்லை. ஊபரில் 2025 பிப்ரவரி மாற்றத்துக்குப் பிறகு ஆட்டோவுக்குக் கிரெடிட், புரமோ எதுவும் செல்லாது, கார் சவாரிக்குப் பயன்படுத்துங்கள். "ஆப்ல கழிச்சுக்கோங்க" என்று டிரைவரிடம் சண்டை போடுவதில் பயனில்லை, அவருக்கு அந்தக் கிரெடிட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆப் வாலட்டில் போட்ட பணத்தை வங்கிக்குத் திரும்ப எடுக்க முடியுமா?

ஒரு கம்பெனியில் மட்டும் செல்லும் வாலட்டில் இருந்து பொதுவாகப் பணத்தை வெளியே எடுக்க முடியாது. ரிசர்வ் வங்கி இந்த வகையை மூடிய முறை என்று வகைப்படுத்தியிருக்கிறது, அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியும் தேவையில்லை, மேற்பார்வையும் கிடையாது. போனஸ் தருகிறோம் என்று 1,000 ரூபாய் போடச் சொன்னாலும் போடாதீர்கள். தேவைப்படும்போது யூபிஐயில் கட்டுவதே நல்லது.

யூபிஐயில் அனுப்பினேன், என் கணக்கில் கழிந்துவிட்டது, டிரைவர் வரவில்லை என்கிறார்.

பரிவர்த்தனை "பெண்டிங்" என்றால் அவசரப்பட்டு இரண்டாவது முறை அனுப்பாதீர்கள். சில நிமிடம் பாருங்கள். "சக்ஸஸ்" என்று வந்துவிட்டால் அதன் எண்ணை அவரிடம் காட்டுங்கள், அவர் வங்கி மெசேஜ் தாமதமாக வருவது சகஜம். இரண்டும் இல்லாமல் இழுத்தால் கையில் இருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு, அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தோல்வி அடைந்த பரிவர்த்தனை தானாகவே திரும்பி வரும். இதற்காகவே பையில் 200 ரூபாய் சில்லறையாக வைத்திருப்பது நல்ல பழக்கம்.

க்யூஆரை ஸ்கேன் செய்ததும் வரும் பெயரைப் பாருங்கள். மனைவி பெயர், மகன் பெயர் இருந்தால் தப்பில்லை, ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

ஐபோன் வைத்திருந்தால் கட்டணம் அதிகம் காட்டுகிறதாமே?

அப்படிப் பலர் புகார் சொன்னதால் 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. இரண்டு கம்பெனியும் மறுத்தன. ஒரே இடத்தில் நின்று இரண்டு போனில் பார்த்தாலும் சில வினாடி வித்தியாசத்திலேயே கட்டணம் மாறுகிறது, அதனால் நாம் வீட்டில் செய்து பார்ப்பதை வைத்து முடிவு சொல்ல முடியாது. கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைக் கம்பெனிகள் வெளியே சொன்னால் இந்தச் சந்தேகமே வராது.

புக் செய்யும்போதே டிப் சேர்க்கச் சொல்கிறது. சேர்த்தால்தான் வண்டி வருமா?

டிப் என்பது வேலை முடிந்த பிறகு மனசார கொடுப்பது. முன்கூட்டியே கேட்பது ஏலம் விடுகிற வேலை, வசதி உள்ளவருக்கு முதலில் வண்டி, மற்றவர் நிற்கட்டும் என்றாகிவிடும். 2025 மே மாதம் இதற்காக அதே ஆணையத்திடமிருந்து ஊபருக்கு நோட்டீஸ் போனது. மத்திய நுகர்வோர் துறை அமைச்சர் பிரஹ்லாத் ஜோஷி இது சுரண்டல் என்றே சொன்னார். முதலில் டிப் இல்லாமல் முயன்று பாருங்கள்.

"ஆப்ல கேன்சல் பண்ணிடுங்க, நான் அதே காசுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார். போகலாமா?

போகாதீர்கள், முக்கியமாக இரவில், தனியாக. கேன்சல் செய்த நொடியிலிருந்து அந்தப் பயணம் நடந்ததற்கே ஆதாரம் கிடையாது. வழி பதிவாகாது, வீட்டுக்கு அனுப்பிய லைவ் லிங்க் நின்றுவிடும், அவசர பட்டன் வேலை செய்யாது, ஏதாவது ஆனால் கம்பெனி "எங்கள் சவாரியே இல்லை" என்று கையை விரித்துவிடும். கேட்கிற டிரைவர் நல்லவராகவே இருக்கலாம், கமிஷனை மிச்சப்படுத்தக் கேட்டிருக்கலாம். ஆனாலும் சவாரி ஆப்பில் இருக்கட்டும், வேண்டுமானால் மேலே 20 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்.

ஏறும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வண்டி எண். பிறகுதான் முகம், பெயர். எண் வேறாக இருந்தால் "நம்ம இன்னொரு வண்டிதான் சார்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். ஓடிபியை வண்டியில் உட்கார்ந்த பிறகு சொல்லுங்கள், போனில் கேட்டால் சொல்ல வேண்டாம், அங்கேயே சவாரியை ஆரம்பித்துவிட்டு வராமல் போனவர்களும் உண்டு. வழியில் பயமாக இருந்தால் 112.

காரில் ஏசி போட மாட்டேன் என்கிறார்.

நீங்கள் புக் செய்த வகை ஏசி கார் என்றால் போட வேண்டியது அவர் கடமை, தனிப் பணம் கேட்கக் கூடாது. மறுத்தால் சண்டை வேண்டாம், பயணம் முடிந்ததும் அதற்கென்று இருக்கும் புகார்ப் பிரிவில் போடுங்கள்.

ஏர்போர்ட்டில் இறங்கினால் ஆப் கார் எங்கே கிடைக்கும்?

மீனம்பாக்கத்தில் ஆப் கார்கள் வாசலுக்கு வருவதில்லை, பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்துக்கு நடந்து போய் ஏற வேண்டும். பெட்டிகளோடு வெளியே வந்த உடனே புக் செய்யாதீர்கள், அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு புக் செய்தால் காத்திருப்புக் கட்டணம் ஏறாது. சாமான் குறைவு என்றால் ஏர்போர்ட்டிலேயே மெட்ரோ இருக்கிறது.

வண்டியில் போனை விட்டுவிட்டேன்.

உடனே வேறு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அடியுங்கள், அப்புறம் ஆப்பில் அந்தப் பயணத்தைத் திறந்து டிரைவரை அழையுங்கள். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் அவர் ஓட்டி வந்த தூரத்துக்குப் பணம் கொடுப்பது நியாயம். கிடைக்கவில்லை என்றால் போலீசில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் போனை முடக்கிவிடுங்கள்.

கம்பெனியின் உதவி மையத்தில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். அடுத்து எங்கே போவது?

முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். ஆப்பின் சட்டப் பக்கத்தில் அவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மெயிலில் பயண எண், தேதி, வண்டி எண், காட்டிய தொகை, வாங்கிய தொகை, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் இருக்கட்டும். கோபத்தை நாலு பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்படியும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். சின்னத் தொகைகள் பல இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனில் தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 85 ரூபாய்க்காக யார் போவார்கள் என்று கேட்பீர்கள். 85 ரூபாயை விட்டுவிடுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால்தான் அது தொடர்ந்து நடக்கிறது.

டிரைவர் தகாத முறையில் நடந்துகொண்டாலோ, மிரட்டினாலோ இந்த வரிசை எதுவும் வேண்டாம், நேராகப் போலீஸ்.

ஒரு ஸ்டார் கொடுத்தால் டிரைவருக்கு என்ன ஆகும்?

சராசரி குறைந்தால் சவாரி குறையும், ஓரளவுக்குக் கீழே போனால் ஐடியை முடக்குவார்கள். வண்டிக் கடனில் ஓட்டுபவருக்கு அது பெரிய அடி. ஆபத்தாக ஓட்டியதற்கும் மரியாதை இல்லாமல் பேசியதற்கும் தயங்காமல் குறைத்துக் கொடுங்கள். மேப் தப்பாகக் காட்டியது, சர்ஜ் (கூட்ட நேரக் கூடுதல் கட்டணம்) ஏறியது, கூப்பன் செல்லவில்லை என்பதற்கெல்லாம் அவரைத் தண்டிக்காதீர்கள், அதைக் கம்பெனிக்கு எழுதுங்கள். தமிழக அரசு 2023 டிசம்பரில் ஆப் வழியாக வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு ஒரு நல வாரியம் அமைத்தது. பதிவு செய்யாத டிரைவர்கள் நிறைய இருக்கிறார்கள், பேச்சு வந்தால் சொல்லுங்கள்.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு நான் இங்கிருந்து புக் செய்யலாமா?

செய்யலாம். ஏறும் இடத்தை வரைபடத்தில் விரலால் இழுத்துச் சரியாக வையுங்கள், பயணி எண்ணாக அவர்கள் எண்ணைக் கொடுங்கள், ஓடிபியையும் வண்டி எண்ணையும் போனில் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆட்டோ என்றால் கட்டணத்தை நீங்களே டிரைவரிடம் பேசி முடித்து யூபிஐயில் அனுப்பிவிடுங்கள், இறங்கும்போது "ஏற்கெனவே கொடுத்தாச்சு" என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் இறங்கும் வரை லைவ் லிங்க்கைப் பார்த்துக்கொண்டிருங்கள்.